ஒருவர் பன்னிரண்டு தடவை, இன்னொருவர் இரண்டு தடவை: அமர்வுகள் சமமாக இல்லாத தரவை என்ன செய்வது?

ஆறு மாத ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். மண்டபம், பாம்பன், ஏர்வாடிப் பக்கம் கடலில் பாசி எடுக்கும் பெண்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, தோள்வலிக்கு பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு மதிப்பெண் கேட்டு எழுதுகிறீர்கள். கைப்பிடி வலிமையை அளக்கிறீர்கள். சில பயிற்சிகளையும் சொல்லிக்கொடுக்கிறீர்கள். திட்டத் தாளில் ஆளுக்கு 12 அமர்வு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒருவர் பன்னிரண்டுக்கும் வந்திருக்கிறார், ஒருவர் ஏழு, ஒருவர் இரண்டோடு நின்றுவிட்டார். இந்த இடத்தில்தான் பலருக்குக் கை நடுங்கும். வழிகாட்டும் பேராசிரியர் 'எல்லாருக்கும் சமமாக இருக்கிறதை மட்டும் எடு' என்று சொல்லிவிட்டால் நடுக்கம் போய்விடும், தரவும் பாதி போய்விடும்.

முதுகலை ஆய்வு மாணவர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள், பிசியோதெரபி முடித்துவிட்டு முதல்முறையாகக் கிராமத்தில் அளவெடுக்கப் போகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சராசரி, திட்ட விலக்கம், ரிக்ரஷன் வரை தெரிந்திருந்தால் போதும். வரும் எடுத்துக்காட்டு எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. எந்த ஊரிலும் அளந்தவை இல்லை.

படி 1: அட்டவணையை நீளவாக்கில் போடுங்கள்

எக்செல்லில் ஆளுக்கு ஒரு வரி, பக்கவாட்டில் வலி-1, வலி-2 என்று பன்னிரண்டு நிரல். எல்லாரும் முதலில் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், கணக்குக்கு ஆகாது. ஓர் அமர்வுக்கு ஒரு வரி என்று கீழ்நோக்கிப் போடுங்கள். பங்கேற்பாளர் எண், ஊர், தேதி, திட்டப்படி இது எத்தனையாவது அமர்வு, அந்த ஆளுக்கு உண்மையில் எத்தனையாவது அமர்வு, வலி, கைப்பிடி வலிமை, அளந்தவர் யார் ஆகியவை ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். பன்னிரண்டு தடவை வந்தவருக்குப் பன்னிரண்டு வரி, இரண்டு தடவை வந்தவருக்கு இரண்டு வரி. இப்படிப் போட்ட உடனேயே 'காலிக் கட்டம்' என்ற பிரச்சினை பாதி மறைந்துவிடும்.

தேதி கட்டாயம். அமர்வு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் பின்னால் படும் பாட்டை ஏழாம் படியில் பார்ப்போம். நாளும் மாதமும் எக்செல்லில் இடம் மாறிக்கொள்ளும். மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் அந்த வம்பு இல்லை. வராத அமர்வுக்கு 0 போடாதீர்கள். 0 என்றால் வலியே இல்லை என்று பொருள். 999 போடுவதும் வேண்டாம். யாராவது ஒருநாள் அதையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடுவார்கள்.

இரண்டாவதாக ஒரு தாள் வேண்டும்: வராத அமர்வுகளின் பதிவு. என்னைக் கேட்டால் ஆய்வில் அதிக மதிப்புள்ள தாள் இதுதான், பலர் வைத்துக்கொள்ளாத தாளும் இதுதான். யார், எந்தத் தேதி, ஏன் வரவில்லை என்று மூன்று நிரல் போதும். காரணத்தை அடுத்த தடவை நேரில் பார்க்கும்போது கேட்டுவிட வேண்டும்.

“என்னக்கா, போன தடவை ஆளையே காணோம்?”

“தண்ணி நல்லா வத்துற நாளும்மா அது. பாசிக்குப் போனா நாலு காசு கெடைக்கும். உங்கிட்ட வந்தா என்ன கெடைக்கும்?”

இந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஏழெட்டு வகையாகப் பிரிக்கலாம்: பாசி வேலை, வேறு கூலி வேலை, உடம்பு முடியவில்லை, வலி கூடிவிட்டது, வலி குறைந்துவிட்டது ('இனி எதுக்கு வரணும்'), வெளியூர், விசேஷம் அல்லது நோன்பு, நம் ஆட்களே போகவில்லை. கடைசி வகையைத் தனியாக வைப்பது முக்கியம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதால் நீங்கள் போகாமல் இருந்த நாளும், வலி தாங்காமல் அவர் வராமல் இருந்த நாளும் கணக்கில் ஒன்றாகிவிடக் கூடாது.

படி 2: மாதிரியை (மாடலை) தொடுமுன் எண்ணுங்கள், வரையுங்கள்

மூன்று படம் போதும். முதலாவது, எத்தனை பேர் எத்தனை அமர்வுக்கு வந்தார்கள் என்ற பட்டைப்படம். இரண்டாவது, ஆளுக்கு ஒரு கோடு: கிடையச்சில் தேதி, நிலையச்சில் வலி. வந்த நாளில் மட்டும் புள்ளி. நூறு பேருக்கு மேல் இருந்தால் ஊர்வாரியாகப் பிரித்து வரையுங்கள்.

மூன்றாவதுதான் கண் திறக்கிற படம். ஒவ்வொருவரின் முதல் அமர்வு வலியைக் கிடையச்சிலும், அவர் மொத்தம் வந்த எண்ணிக்கையை நிலையச்சிலும் போடுங்கள். புள்ளிகள் இலக்கில்லாமல் சிதறிக் கிடந்தால் ஓரளவு நிம்மதி. முதலிலேயே வலி அதிகமாக இருந்தவர்கள் கீழே குவிந்து கிடந்தால், வருகைக்கும் நீங்கள் அளக்கிற விஷயத்துக்கும் தொடர்பு இருக்கிறது. இனி எடுக்கிற எந்தச் சராசரியையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

படி 3: ஏன் வரவில்லை என்று கேளுங்கள்

விடுபட்ட தரவைப் பற்றிய இன்றைய பேச்சு முழுவதும் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அவர் வழியில் வந்த மூன்று வகைகளைப் பாடப்புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும். நம் கடற்கரையில் வைத்துப் பார்த்தால் எளிது.

முதல் வகையில், விடுபட்டதற்கும் வலிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம், தேவிபட்டினம் பக்கம் பஸ் எல்லாம் நிரம்பி வழிய, நீங்கள் அந்த ஊருக்கே போய்ச்சேர முடியவில்லை. அன்றைக்கு வராமல் போனவர்களில் வலி உள்ளவரும் இல்லாதவரும் கலந்துதான் இருப்பார்கள். இதற்கு எம்.சி.ஏ.ஆர். (missing completely at random) என்று பெயர். தரவு குறையும், ஆனால் ஒரு பக்கமாகச் சாயாது.

இரண்டாவது வகையில் தொடர்பு உண்டு. ஆனால் அந்தத் தொடர்பு உங்கள் கையில் இருக்கும் தகவலுக்குள் அடங்கிவிடும். போன அமர்வில் வலி 8 என்று சொன்னவர் இந்தத் தடவை வராமல் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த 8 உங்களிடம் எழுதி இருக்கிறது. பாசி எடுக்கிற நாள் என்பதால் வரவில்லை. அது பாசி நாளா இல்லையா என்பது உங்கள் தாளில் இருக்கிறது. இது எம்.ஏ.ஆர். (missing at random) எனப்படும். அந்தத் தகவல்களை மாதிரிக்குள் கொண்டுவந்துவிட்டால் சமாளிக்கலாம்.

மூன்றாவது வகைதான் ஆபத்து. போன தடவை வலி 3. இடையில் ஒருநாள் தோள் பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியவில்லை. அதனால்தான் இன்று வரவில்லை. இன்றைய வலி எவ்வளவு என்று அளக்க முடியாததற்குக் காரணம் இன்றைய வலியேதான். இது எம்.என்.ஏ.ஆர். (missing not at random). எந்த மென்பொருளும் தரவை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடித்துத் தராது. 'வலி கூடிவிட்டது' என்று இரண்டாவது தாளில் எழுதி வைத்த வரிதான் ஒரே சாட்சி.

இந்தக் கரையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கே வருகையைத் தீர்மானிக்கிற பெரும்பாலான காரணங்களை நாள்காட்டியிலேயே படித்துவிடலாம். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும். கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் ரமலான் நோன்பு; அது ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். ஒவ்வொரு அமர்வுத் தேதிக்கும் எதிரே தடைக்காலமா, மழைக்காலமா, அமாவாசை அல்லது பௌர்ணமியிலிருந்து எத்தனை நாள், நோன்பா என்று நான்கு நிரல் சேர்த்துவிடுங்கள். ஒருவரையும் கேட்க வேண்டாம், காசும் செலவில்லை. மூன்றாம் வகையாகத் தோன்றிய விடுபடல்களில் பல இதனால் இரண்டாம் வகைக்கு நகர்ந்துவிடும்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தடைக்காலமே உதாரணம். பாசி எடுக்கும் பெண்கள் பல ஊர்களில் அதே காலத்தை ஒட்டித் தாங்களும் வேலையை நிறுத்திவைக்கிறார்கள். அப்போது வீட்டில் இருப்பதால் அமர்வுக்கு வருவார்கள். வேலை இல்லாததால் தோள்வலியும் குறைந்திருக்கும். வருகை கூடுகிற அதே காலத்தில் வலி குறைகிறது. பருவத்தைக் குறிக்காத தரவில் இது 'பயிற்சி வேலை செய்கிறது' என்று வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

படி 4: நான்கு குறுக்குவழிகளை விட்டுவிடுங்கள்

குறைவாக வந்தவர்களைத் தூக்கிப்போடுவது முதல் குறுக்குவழி. ஒரே ஆளைப் பலமுறை அளந்த தரவுக்கான பழைய ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா இதை உங்களைக் கேட்காமலே செய்துவிடும்: ஒரு கட்டம் காலியானால் அந்த ஆளின் மொத்த வரியும் போய்விடும். எஞ்சுவது ஊரில் தவறாமல் வரக்கூடிய, வேலை குறைவான, பெரும்பாலும் நலமாக இருக்கும் பெண்கள். அவர்களைப் பற்றிய ஆய்வைச் செய்துவிட்டு, பாசி எடுக்கும் பெண்கள் அனைவரையும் பற்றியது என்று தலைப்புப் போடுவோம்.

எல்லாரையும் குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு வெட்டுவது இரண்டாவது. பன்னிரண்டு அமர்வு தந்தவரின் பத்து அமர்வைக் குப்பையில் போடுகிற வேலை இது.

கடைசியாகச் சொன்ன மதிப்பெண்ணையே மீதி அமர்வுகளுக்கும் நிரப்புவது மூன்றாவது. மருந்துச் சோதனைகளில் இது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2010-இல் வெளியிட்ட அறிக்கை, இதன் அனுமானங்களுக்கு அறிவியல் நியாயம் இல்லாதவரை முதன்மை முறையாகக் கொள்ள வேண்டாம் என்றது. வலி 8 என்று சொல்லிவிட்டு நின்றுபோனவர் ஐந்து மாதமும் 8-லேயே உறைந்து நின்றார் என்று யார் நம்புவார்கள்?

நான்காவது, எல்லா வரிகளையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுப்பது. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்ப்போம். மூன்று பெண்கள். முதலாமவர் 12 தடவை வந்தார், அவருடைய சராசரி வலி 3. இரண்டாமவர் 10 தடவை, சராசரி 4. மூன்றாமவர் 2 தடவை, சராசரி 8. வரிகளை எல்லாம் கூட்டினால் 36 + 40 + 16 = 92; அதை 24 வரியால் வகுத்தால் 3.8. ஆளுக்கு ஒரு சராசரி எடுத்து அந்த மூன்றையும் சராசரியாக்கினால் (3 + 4 + 8) ÷ 3 = 5. ஒரே தரவு, இரண்டு விடை. முதல் கணக்கில் அடிக்கடி வந்தவர்களின் குரல் ஓங்கி ஒலிக்கிறது. இரண்டாவது கணக்கில் இரண்டே தடவை பார்த்த ஒருவரின் சராசரியும் பன்னிரண்டு தடவை பார்த்தவரின் சராசரியும் ஒரே அளவு நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இரண்டுமே முழு நியாயம் இல்லை.

முதல் கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 24 வரி இருந்தாலும் 24 தனித்தனி ஆட்கள் இல்லை. ஒரே ஆளின் வரிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமையை மறந்துவிட்டு டி-டெஸ்ட் ஓட்டினால் நம்பிக்கை இடைவெளி பொய்யாகக் குறுகிவிடும்.

படி 5: கலப்பு மாதிரி

இந்த இரண்டு சராசரிக்கும் நடுவில் நியாயமான இடத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் மிக்ஸட் மாடல் எனப்படும் கலப்பு மாதிரி. புள்ளியியலாளர்கள் நேன் லேர்ட் (Nan Laird), ஜேம்ஸ் வேர் (James Ware) இருவரும் 1982-இல் நீள்கால ஆய்வுகளுக்காக இதை விரித்து எழுதினார்கள். ஆளுக்கு எத்தனை வரி என்று அது கேட்பதே இல்லை. அளவெடுத்த தேதிகள் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

அடிப்படை யோசனை இதுதான். வலியில் இரண்டு வகை ஏற்ற இறக்கம் இருக்கிறது: ஆளுக்கு ஆள் வேறுபாடு, ஒரே ஆளுக்குள் நாளுக்கு நாள் வேறுபாடு. மாதிரி இரண்டையும் தனித்தனியாக மதிப்பிடும். நம் கணக்கில் இரண்டின் மாறுபாட்டளவும் தலா 4 என்று கொள்வோம். அதாவது திட்ட விலக்கம் தலா 2. (மூன்று பேரை வைத்து இதை உண்மையில் மதிப்பிட முடியாது, வழி தெரிவதற்காகத்தான்.) ஒருவரின் சராசரியில் உள்ள மொத்த நிச்சயமின்மை, 4-உடன் 4-ஐ அமர்வு எண்ணிக்கையால் வகுத்து வருவதைக் கூட்டினால் கிடைக்கும். 12 தடவை வந்தவருக்கு 4.33, 10 தடவை வந்தவருக்கு 4.4, 2 தடவை வந்தவருக்கு 6. ஒவ்வொருவரின் எடை இதன் தலைகீழ்: 0.231, 0.227, 0.167. இந்த எடைகளோடு சராசரி எடுத்தால் விடை 4.7.

எடைகளை இன்னொரு முறை பாருங்கள். பன்னிரண்டு வரி தந்தவரின் எடை, இரண்டு வரி தந்தவரின் எடையைப் போல ஆறு மடங்கு இல்லை, சுமார் 1.4 மடங்குதான். ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்பதால் அந்த ஆளைப் பற்றி அதிகம் தெரியும், ஊரைப் பற்றி அதிகம் தெரியாது. அடுத்த ஆய்வுக்குப் பணம் கேட்கும்போது அமர்வுகளைக் கூட்டுவதா ஆட்களைக் கூட்டுவதா என்ற கேள்வி வந்தால், ஊர்ச் சராசரிதான் நோக்கம் என்றால், ஆட்களைக் கூட்டுங்கள். ஒவ்வொருவரிடமும் காலப்போக்கில் வரும் மாற்றம்தான் நோக்கம் என்றால் கதை வேறு. அப்போது ஆளுக்குச் சில அமர்வுகளாவது, அதுவும் இடைவெளி விட்டு, வேண்டும்.

தனி ஆளின் மதிப்பீட்டையும் இந்த மாதிரி தரும். இரண்டே தடவை வந்து 8 என்றவரை அது அப்படியே நம்பாது. ஊர்ச் சராசரியான 4.7 பக்கம் மூன்றில் ஒரு பங்கு இழுத்து 6.9-இல் நிறுத்தும். பன்னிரண்டு தடவை வந்து 3 என்றவரை 3.1-க்கு மேல் நகர்த்தாது. குறைவாகப் பார்த்தவரை அதிகம் இழுப்பதும், நிறையப் பார்த்தவரை விட்டுவிடுவதும் இதன் குணம். ஆனால் ஒரு எச்சரிக்கை: இழுக்கப்பட்ட எண்ணைச் சம்பந்தப்பட்டவரிடம் போய் 'உங்க வலி 6.9' என்று சொல்லாதீர்கள். அவர் சொன்னது 8.

செய்முறைக்கு ஆர் மொழி இலவசம். எல்எம்இ4 அல்லது என்எல்எம்இ பொதியைப் பயன்படுத்தலாம். பைத்தானில் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் இருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள மிக்ஸட் பகுதிக்குப் போகலாம். மாதிரிக்குச் சொல்ல வேண்டியது மூன்று விஷயம்: விளைவு வலி, அதை விளக்குபவை காலமும் நாள்காட்டி நிரல்களும், தொடக்கப் புள்ளியும் காலச் சாய்வும் (வலி காலப்போக்கில் மாறும் வேகம்) பங்கேற்பாளருக்குப் பங்கேற்பாளர் மாறலாம்.

ஒரே அமர்வுக்கு வந்தவர்களை என்ன செய்வது என்று கட்டாயம் கேட்பீர்கள். விட்டுவிடாதீர்கள். அவர்களால் சாய்வைப் பற்றி நேரடியாக ஒன்றும் சொல்ல முடியாது. ஊர்ச் சராசரிக்கும் ஆளுக்கு ஆள் வேறுபாட்டுக்கும் அவர்கள் பயன்படுவார்கள். பெரும்பாலோர் ஒன்றிரண்டு தடவை மட்டும் வந்திருந்தால், சாய்வும் மாற வேண்டும் என்று கேட்டதற்கு மென்பொருள் 'சிங்குலர்' என்று முணுமுணுக்கும்; இவ்வளவையும் மதிப்பிடத் தரவு போதவில்லை என்று பொருள். மாறும் சாய்வை எடுத்துவிட்டு, மாறும் தொடக்கப் புள்ளியை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆட்கள் குறைவு என்றால் பி-மதிப்புக்குக் கென்வர்ட்–ரோஜர் என்ற சிறு எண்ணிக்கைத் திருத்தம் போட்டுக்கொள்வது நல்லது.

கை பழக, எல்எம்இ4-உடன் வரும் ஸ்லீப்ஸ்டடி தரவை எடுங்கள். தூக்கத்தைக் குறைத்த 18 பேர், ஆளுக்கு 10 நாள், மொத்தம் 180 வரி. முழுத் தரவில் நாளுக்குச் சுமார் 10.5 மில்லிவிநாடி எதிர்வினை நேரம் கூடுகிறது. இனி குலுக்கல் முறையில் பாதி வரிகளை அழித்து ஓட்டுங்கள். விடை அவ்வளவாக நகராது, இடைவெளிதான் அகலும். பிறகு எதிர்வினை நேரம் மிக அதிகமாக இருக்கும் வரிகளாகப் பார்த்து அழித்து ஓட்டுங்கள். சாய்வு குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்றாம் படியில் சொன்னதெல்லாம் இந்த அரைமணி நேரத்தில் கைக்கு வந்துவிடும்.

படி 6: யாருடைய சராசரி வேண்டும்?

கலப்பு மாதிரிக்கு அடுத்து நீங்கள் கேள்விப்படுவது ஜி.இ.இ. (generalized estimating equations). லியாங், ஜேகர் இருவரும் 1986-இல் தந்த முறை. ஆள் ஆளாக மாதிரி கட்டாமல், கூட்டத்தின் சராசரியை மட்டும் கேட்கும். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். சாதாரண ஜி.இ.இ. விடுபடல் முதல் வகையாக இருக்கும் என்று எதிர்பார்க்கும். இரண்டாம் வகைக்கு எடையிட்ட வடிவம் தேவை. ஆட்கள் நாற்பதுக்கும் குறைவு என்றால் அது தரும் பிழையளவு உண்மையைவிடச் சிறிதாக இருக்கும்.

அமர்வு எண்ணிக்கையே வலியோடு தொடர்புடையதாக இருந்தால் — இரண்டாம் படியின் மூன்றாவது படம் அப்படிக் காட்டினால் — கேள்வியைக் கூர்மையாக்க வேண்டும். 'ஒரு சாதாரண அமர்வில் வலி எவ்வளவு' என்று கேட்கிறீர்களா, 'ஒரு சாதாரணப் பெண்ணுக்கு வலி எவ்வளவு' என்று கேட்கிறீர்களா? முகாமில் எத்தனை மருந்துப் பட்டை வைப்பது என்று முடிவு செய்ய முதல் கேள்வி சரி. ஊரின் உடல்நலத்தைச் சொல்ல இரண்டாவது கேள்விதான் சரி. இரண்டாவதற்கு ஒவ்வொரு வரிக்கும், அந்த ஆளின் மொத்த வரிகளின் தலைகீழை எடையாகக் கொடுத்து ஜி.இ.இ. ஓட்டுவது ஒரு வழி. வில்லியம்சன், தத்தா, சாட்டன் மூவரும் 2003-இல் காட்டியது.

படி 7: அமர்வு எண் வேறு, காலம் வேறு

இரண்டு தடவை வந்தவரின் 'இரண்டாவது அமர்வு' ஐந்தாம் மாதத்தில் நடந்திருக்கலாம். பன்னிரண்டு தடவை வந்தவருக்கு அது முதல் மாதத்திலேயே முடிந்திருக்கும். இரண்டையும் அமர்வு-2 என்று ஒரே நிரலில் வைப்பது தவறு. காலம் என்பது முதல் அளவீட்டிலிருந்து எத்தனை வாரம் என்று இருக்கட்டும். பயிற்சியோ பழக்கமோ காரணமாக மதிப்பெண் மாறும் என்று நினைத்தால், அவருக்கு இது எத்தனையாவது அமர்வு என்பதைத் தனி நிரலாகச் சேருங்கள். எல்லாரும் ஒழுங்காக வந்திருந்தால் இந்த இரண்டையும் பிரித்தறியவே முடியாது. சமமின்மை நமக்கு உதவி செய்கிற இடம் இது.

கடலோரத்துக்கே உரிய ஒரு வலையையும் சொல்லிவிடுகிறேன். நீர் அதிகம் வற்றுகிற நாட்கள் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டி வருவதால், அந்தச் சுழற்சியின் நீளம் சுமார் 14.8 நாள். நீங்கள் சரியாக 14 நாளுக்கு ஒருமுறை போகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் முக்கால் நாள் பின்தங்கும். முதல் அமர்வு நீர் வற்றும் நாளில் விழுந்தால், அடுத்த சில அமர்வுகளும் அதை ஒட்டியே விழும். பாசிக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். பன்னிரண்டாவது அமர்வுக்குள் சுமார் எட்டு நாள் நகர்ந்து, பாசி வேலை இல்லாத நாட்களுக்கு வந்துவிடுவீர்கள். வருகை மெல்ல மெல்லக் கூடும். ஊர் மக்கள் நம்மை நம்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்று அறிக்கையில் எழுதத் தோன்றும். உண்மையில் சந்திரன் நகர்ந்திருக்கிறது. அதோடு கூட, தொடக்கத்தில் அளந்த கூட்டமும் முடிவில் அளந்த கூட்டமும் வேறு வேறு. இதைத் தவிர்க்க, அமர்வு இடைவெளியை 10 நாள், 17 நாள் என்று மாற்றி மாற்றி வைக்கலாம். முடியாவிட்டால் அமாவாசை, பௌர்ணமியிலிருந்து எத்தனை நாள் என்ற நிரல் மாதிரிக்குள் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொரு தவறு மிகப் பரவலானது. 'அதிகம் வந்தவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது, எனவே அமர்வுகள் பலன் தருகின்றன.' வலி குறைந்ததால் வர முடிந்திருக்கலாம். வேலை குறைவாக இருந்ததால் வரவும் முடிந்து வலியும் குறைந்திருக்கலாம். மொத்த வருகை எண்ணிக்கை ஆய்வு முடிந்த பிறகுதான் தெரியும். அதை முதல் மாத வலிக்குக் காரணமாகக் காட்டுவது நேரத்தைப் பின்னோக்கி ஓட்டுவது. அந்த எண்ணிக்கையை மாதிரியில் சேர்த்துப் பார்ப்பது நல்ல சோதனை: கூட்டத்தின் சாய்வு வருகைக்கு ஏற்ப மாறுகிறதா என்று தெரியும். பலனுக்குச் சான்றாக மட்டும் அதை வைக்காதீர்கள்.

படி 8: விடையை ஆட்டிப் பாருங்கள்

மூன்றாம் வகை விடுபடல் இல்லை என்று நிரூபிக்க முடியாது. இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். விடுபட்ட அமர்வுகளைப் பன்முறை நிரப்பல் (multiple imputation) முறையில், அதாவது சாத்தியமான மதிப்புகளைப் பல தடவை மாற்றி மாற்றிப் போட்டு, நிரப்புங்கள். நிரப்பும் மாதிரியும் ஆள்வாரி ஒப்புமையை மதிப்பதாக இருக்க வேண்டும். பிறகு நிரப்பிய வலிகளோடு மட்டும் அரை மதிப்பெண், ஒன்று, ஒன்றரை என்று கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் முடிவை எழுதுங்கள். எந்த இடத்தில் 'வலி குறைந்தது' என்ற முடிவு கவிழ்கிறது? மூன்று மதிப்பெண் கூட்டினால்தான் கவிழும் என்றால் தைரியமாகச் சொல்லலாம். அரை மதிப்பெண்ணிலேயே கவிழ்ந்தால் அந்த முடிவைத் தலைப்பில் போடாதீர்கள். எந்த அளவு நம்பத்தக்கது என்பதை மென்பொருளிடம் கேட்காமல், ஊரை அறிந்த களப்பணியாளரிடம் கேளுங்கள்.

படி 9: எழுதும்போது

எத்தனை பேர், மொத்தம் எத்தனை அமர்வு, ஆளுக்குக் குறைந்தது, நடுவெண், அதிகம். காரண வகை வாரியாக விடுபட்ட எண்ணிக்கை. குறைவாக வந்தவர்களுக்கும் அதிகம் வந்தவர்களுக்கும் முதல் அளவீட்டில் வேறுபாடு இருந்ததா. எந்த மாதிரி, எந்த நாள்காட்டி நிரல்கள், எட்டாம் படியில் முடிவு எங்கே கவிழ்ந்தது. இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். 'குறைவாக வந்தவர்கள் நீக்கப்பட்டனர்' என்ற ஒற்றை வரியைவிட இதற்குத்தான் தேர்வாளர் மரியாதை தருவார்.

தரவுக் கோப்பை வெளியே கொடுப்பதாக இருந்தால் இரண்டாவது தாளையும் சேர்த்தே கொடுங்கள். ஆனால் பாசி எடுக்கும் ஊர்கள் சிறியவை. ஊர்ப் பெயர், வயது, 'கணவர் கடலுக்குப் போனதால் வரவில்லை' என்ற காரணம், வந்த தேதிகள் ஆகிய நான்கும் சேர்ந்தால் அது யார் என்று அந்த ஊரில் ஒரு குழந்தை சொல்லிவிடும். ஊருக்குப் பதில் குறியீட்டு எண், வயதுக்குப் பதில் பத்தாண்டு வீச்சு, தேதிக்குப் பதில் முதல் அளவீட்டிலிருந்து வாரக் கணக்கு, காரணத்துக்குப் பதில் வகை எண் என்று மாற்றிவிட்டுக் கொடுங்கள். வாரக் கணக்காக மாற்றுமுன் அந்த நான்கு நாள்காட்டி நிரல்களையும் போட்டு முடித்திருக்க வேண்டும். தேதி போன பிறகு அவற்றைத் திரும்ப உண்டாக்க வழியில்லை.